பூங்கா என்ற பெயரில் ஒரு சாக்கடைத் திட்டம்: பாஸ்டன் ஃபென்ஸின் கதை

பாஸ்டன் நகரத்தின் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், நடு ஊரிலிருந்து தென்மேற்காக ஒரு பச்சைச் சரடு வளைந்து வளைந்து போவது தெரியும். ஒன்பது பூங்காக்கள், ஏறக்குறைய 7 மைல் நீளம், சுமார் 1,100 ஏக்கர். ஊர்க்காரர்கள் அதை 'எமரால்ட் நெக்லஸ்' என்பார்கள். மரகத மாலை. சுற்றுலாப் புத்தகங்களில் வாத்து, வில்லோ மரம், கல் பாலம் என்று அழகான படங்களோடு வரும்.

அந்த மாலையின் நடுவில் 'பேக் பே ஃபென்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கோரையும் நாணலும் மண்டிய, மெதுவாக நகரும் ஒரு ஓடை. இரண்டு பக்கமும் நடைபாதை. பார்ப்பவர்கள், நகரம் வளர்ந்தபோது எப்படியோ தப்பிப் பிழைத்த இயற்கைச் சதுப்பு என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அது முழுக்க முழுக்க மனிதன் தோண்டியது. அதுவும் முதலில் பூங்காவுக்காகத் தோண்டியது இல்லை. வெள்ளநீரைத் தேக்கவும், சாக்கடை நாத்தத்தைப் போக்கவும் போட்ட திட்டம். பூங்கா என்பது அதன் மேல் போர்த்திய போர்வை என்றுகூடச் சொல்லலாம்.

மென்பொருள் துறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், "ஒரே அமைப்பு மூன்று வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்யும். ஃபென்ஸைப் பற்றி நோண்ட ஆரம்பித்ததும் அந்தச் சந்தேகத்தில்தான். கிடைத்த கதை நான் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாத்தம் எங்கிருந்து வந்தது?

பழைய பாஸ்டன் கிட்டத்தட்ட ஒரு தீவு. ஒல்லியான ஒரு நிலக்கழுத்துதான் அதைக் கரையோடு இணைத்தது. அதன் மேற்கே சார்ல்ஸ் ஆற்றின் கழிமுகம். கடல் ஏறும்போது நீர் நிரம்பும், வற்றும்போது சேறு தெரியும். பாஸ்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 10 அடி வித்தியாசம் இருக்கும். நம்ம பக்கக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத அளவு. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலே வந்து அந்தக் கழியைக் கழுவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

1821ல் அந்தக் கழிக்குக் குறுக்கே ஒரு நீண்ட அணை கட்டி முடித்தார்கள். இன்றைய பீக்கன் தெருவின் ஒரு பகுதி அந்த அணையின் மேல்தான் ஓடுகிறது. நோக்கம் எளிமையானது: ஏற்றத்தில் உள்ளே வரும் நீரை ஒரு தேக்கத்தில் பிடித்துவைப்பது, அதை இன்னொரு தாழ்ந்த தேக்கத்துக்குள் விழவைத்து ஆலைச் சக்கரங்களை ஓட்டுவது, வற்றத்தில் அந்த நீரை வெளியே விடுவது. காகிதத்தில் பிரமாதமான யோசனை. எதிர்பார்த்த அளவு ஆலைகள் வரவில்லை. 1830களில் இரண்டு ரயில் பாதைகள் அதே கழியின் குறுக்கே மண்கரை போட்டுக்கொண்டு போயின. நீரோட்டம் இன்னும் முடங்கியது.

இதற்கிடையில் ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. சாக்கடைகள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன? அந்தத் தேக்கத்துக்குத்தான். கடல் வந்து கழுவுவதும் நின்றுவிட்டது, அழுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. 1849ல் நகர நிர்வாகமே குழு போட்டு, இது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று அறிக்கை வாங்கியது. அதற்குக் கண்டுபிடித்த மருந்து: மொத்தத்தையும் மண் போட்டு மூடிவிடுவது!

1850களின் கடைசியில் அந்த வேலை தொடங்கியது. சுமார் 9 மைல் தள்ளியிருந்த நீடம் என்ற ஊரிலிருந்து சரளை மண். நீராவியில் ஓடும் இயந்திரம் மண் அள்ள, 35 பெட்டிகள் கோத்த ரயில்கள் ராப்பகலாக வந்து கொட்டின. பத்தாண்டுகள் கணக்கில் நடந்த வேலை அது. இன்று பாஸ்டனின் மிக விலை உயர்ந்த பேட்டைகளில் ஒன்றான பேக் பே, இப்படி முளைத்த நிலம்தான்.

ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. மேட்டுப் பகுதியிலிருந்து இரண்டு நீரோடைகள் இந்தக் கழிக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்று ஸ்டோனி புரூக், இன்னொன்று மட்டி ரிவர். கழியை மூடலாம், ஓடை வருவதை நிறுத்த முடியுமா? அதிலும் ஸ்டோனி புரூக் வழியெங்கும் தோல் பதனிடும் இடங்கள், சாராய ஆலைகள், குடியிருப்புகள் என்று எல்லாக் கழிவையும் சுமந்துகொண்டு வரும். பெருமழை பெய்யும் நேரத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்துவிட்டால் ஓடை நீர் ஆற்றுக்குள் போக முடியாது. எதிர்த்துக்கொண்டு ஊருக்குள் ஏறும். ஏரிக் கரையைக் கட்டிவிட்டு கலங்கல் வைக்க மறந்தால் என்ன ஆகுமோ, அதேதான்.

ஓம்ஸ்டெட் வருகிறார்

1875ல் பாஸ்டனில் பூங்கா ஆணையம் அமைந்தது. பேக் பேயில் யாரும் வீடு கட்ட விரும்பாத, சேறு நிறைந்த சுமார் 100 ஏக்கரைப் பூங்காவுக்கு என்று வாங்கினார்கள். 1878ல் வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். ஹெர்மன் க்ரண்டல் என்பவர் 500 டாலர் பரிசு வாங்கினார். பரிசைக் கொடுத்துவிட்டு அந்தத் திட்டத்தை ஓரம் வைத்துவிட்டார்கள். எவ்வளவு அழகாக வரைந்தாலும், இரண்டு ஓடைகளின் வெள்ளத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் சரியான பதில் இல்லை.

அப்போதுதான் ஃப்ரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டை அழைத்தார்கள். 1822ல் கனெடிகட்டில் பிறந்தவர். விவசாயம், பத்திரிகை எழுத்து என்று பல தொழில் பார்த்தவர். 1858ல் கால்வர்ட் வாக்ஸோடு சேர்ந்து நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் போட்டியில் ஜெயித்தவர் என்று உலகம் அறியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. உள்நாட்டுப் போரின்போது 1861 முதல் 1863 வரை அவர் அமெரிக்கச் சுகாதார ஆணையத்தின் பொதுச் செயலாளராக இருந்தார். படை முகாம்களில் கழிப்பிடக் குழி எங்கே தோண்டுவது, குடிநீர் எங்கிருந்து எடுப்பது, காயம்பட்டவர்களை எப்படிக் கப்பலில் ஏற்றுவது என்பதெல்லாம் அந்த ஆணையத்தின் அன்றாடக் கவலைகள். குண்டடி பட்டுச் செத்த வீரர்களைவிட நோயில் செத்தவர்கள் அதிகம் என்ற போர் அது.

வீட்டிலும் அடி விழுந்திருந்தது. 1860ல் பிறந்த அவருடைய முதல் குழந்தை, இரண்டு மாதத்தில் வயிற்றுப்போக்கு நோயில் இறந்துபோனது. அன்றைய அமெரிக்க நகரங்களில் கோடை வந்தாலே கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன நோய் அது. சாக்கடை என்பது அவருக்கு ஒருபோதும் பொறியாளர்கள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாக இருந்ததில்லை.

சென்ட்ரல் பார்க்கே ஒரு வடிகால் திட்டம்தான். அங்கே ஜார்ஜ் வேரிங் என்ற வடிகால் பொறியாளர், விவசாய நிலங்களில் பதிப்பதுபோல மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்துச் சதுப்பை வற்றவைத்தார். அதே பூங்காவில்தான் நடப்பவர், குதிரையில் போகிறவர், வண்டியில் போகிறவர் என்று ஆளுக்கொரு பாதை பிரித்தார்கள். ஊரைக் கடக்கும் நான்கு சாலைகளைப் பள்ளத்தில் இறக்கி, மேலே பூங்கா தொடர்ந்து போகும்படி செய்தார்கள். வடிகாலும் நடையும் ஒரே வரைபடத்தில் வந்த முதல் பாடம் அவருக்கு இங்கே கிடைத்தது.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அந்தப் பூங்காவுக்காக 1857ல் காலி செய்யப்பட்ட இடங்களில் செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பும் ஒன்று. சுமார் 225 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். பலருக்குச் சொந்த நிலம் இருந்தது. மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. "ஊர் ஆரோக்கியமாக இருக்கவேண்டும்" என்ற வாதம் வரும்போதெல்லாம், யாருடைய வீட்டை இடித்து என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும். அன்று அதைக் கேட்கவேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

சதுப்பே ஒரு பஃபர்

பாஸ்டன் பொறியாளர்கள் மனதில் இருந்தது கல்சுவர் கட்டிய ஒரு பெரிய தொட்டி. வெள்ளம் வந்தால் நிரம்பும், வடிந்தால் காலியாகும். வேலை நடக்கும். ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அது ஊர் நடுவில் ஒரு சேற்றுக் குழி.

ஓம்ஸ்டெட்டும் நகரப் பொறியாளர் ஜோசப் டேவிஸும் சேர்ந்து உட்கார்ந்து வேறு ஒரு தீர்வுக்கு வந்தார்கள். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்று: அன்றாடம் வரும் ஓடை நீரை, முக்கியமாக அழுக்கு நீரை, தேக்கத்துக்குள் விடவே கூடாது. அதற்குத் தனியாக மூடிய கால்வாய் போட்டு நேரே சார்ல்ஸ் ஆற்றுக்கு அனுப்பிவிடுவது.

இரண்டு: பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்து அந்தக் கால்வாய் திணறும்போது மட்டும், மிஞ்சும் நீர் தேக்கத்துக்குள் வழியும். கடல் வற்றியதும் ஆற்றுக்குப் போய்விடும். அதாவது சில மணி நேரம் தாங்கிப் பிடித்தால் போதும்.

மூன்று: சாதாரண நாட்களில் ஆற்று முகத்தில் உள்ள மதகு வழியாக உப்புநீரைக் கொஞ்சமாக உள்ளே விட்டு, தேக்கம் அழுகாமல் பார்த்துக்கொள்வது. வெளியே 10 அடி ஏறி இறங்கும் கடல், உள்ளே ஒரு அடி போலத்தான் ஏறி இறங்கும்.

நான்கு: இதுதான் அழகான இடம். நீர்மட்டம் அவ்வளவு குறைவாக மாறுவதால் செங்குத்துக் கல்சுவர் தேவையில்லை. கரையைச் சரிவாக விட்டு உவர்நிலக் கோரைகளை நடலாம். அந்தக் கோரைகள் உப்பையும் தாங்கும், எப்போதாவது வெள்ளத்தில் முழுகினாலும் தாங்கும். நீர்ப்பரப்பு சாதாரணமாகச் சுமார் 30 ஏக்கர். வெள்ளம் வந்தால் சரிவான கரைமேல் அகலமாகப் பரவும். அகலமாகப் பரவுவதால் உயரம் அதிகம் ஏறாது.

ஐந்து: தேக்கத்தை நேராகத் தோண்டாமல் பாம்பு போல வளைத்தார்கள். அழகுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். நேரான நீர்ப்பரப்பில் காற்று வீசினால் அலை எழும்பிக் கரையை அரிக்கும். வளைவும் கோரையும் அந்த அலையை முளையிலேயே கொன்றுவிடும். கல்சுவர் செலவு மிச்சம்.

இதைப் படித்தபோது என் மண்டையில் மணி அடித்தது. எங்கள் துறையில் இதற்குப் பெயரே உண்டு. ஒரு சர்வர் தாங்கமுடியாத அளவுக்கு வேலை திடீரென்று வந்தால், அதை ஒரு பஃபரில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம். ஓம்ஸ்டெட்டின் சதுப்பு அதே பஃபர்தான். வித்தியாசம், எங்கள் பஃபர் காலியாக இருக்கும்போது அதைப் பார்த்து யாரும் ரசிக்கமாட்டார்கள். இவருடைய பஃபர் சும்மா இருக்கும் 360 நாளும் ஊர் மக்களுக்கு நடக்க, உட்கார, மூச்சு விட உதவியது.

அதனால்தான் அதைப் 'பூங்கா' என்று கூப்பிடுவதையே அவர் விரும்பவில்லை. சதுப்பு நிலத்துக்கான பழைய ஆங்கிலச் சொல்லான 'ஃபென்ஸ்' என்பதை அவரே பரிந்துரைத்தார். பெயரைப் பார்த்தாலே இது என்ன வேலை செய்யும் நிலம் என்று தெரியட்டும் என்று நினைத்திருப்பார் போல.

அழுக்கு போன இடம்

ஃபென்ஸ் தனியாக இந்த வேலையைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதே ஆண்டுகளில், 1877க்கும் 1884க்கும் இடையில், பாஸ்டன் தன் பெரிய பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் டேவிஸ்தான் மூளை. கரையோரமாகப் பெரிய சாக்கடைகளைப் போட்டு, ஊரின் அத்தனை சிறு சாக்கடைகளையும் வழிமறித்து, டார்செஸ்டரில் காஃப் பாஸ்சர் என்ற இடத்தில் உள்ள நீரேற்று நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக மூன் தீவுக்கு. அங்கே தொட்டிகளில் பிடித்துவைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிடுவார்கள்.

சுத்திகரிப்பு? அதெல்லாம் கிடையாது. அப்படியே கடலில்தான். ஊருக்குள் இருந்த அழுக்கு துறைமுகத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அந்தக் கடன் நூறு வருஷம் கழித்து வட்டியோடு வந்தது. 1980களில் பாஸ்டன் துறைமுகம் நாட்டிலேயே அசிங்கமான துறைமுகம் என்று பெயர் வாங்கி, வழக்கு நீதிமன்றம் போய், அதன் பிறகுதான் டீர் தீவில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது. சுத்தமான நீரைக் கடலுக்குள் 9.5 மைல் தள்ளிக்கொண்டு விடும் சுரங்கம் 2000ல்தான் திறந்தது.

இன்னொரு வேடிக்கை. இந்தத் தலைமுறை ஆட்கள் பெரும்பாலும் நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பியவர்கள். அழுகும் சேற்றிலிருந்து எழும் ஆவி உடம்புக்குள் போய் நோயைக் கொண்டுவரும் என்பது அவர்கள் கோட்பாடு. பூங்காக்களை நகரத்தின் நுரையீரல் என்று சொன்னதும் இதனால்தான். கோட்பாடு தப்பு. ஆனால் அதை வைத்து எடுத்த நடவடிக்கை, அதாவது அழுக்கு நீரை மனிதர்களிடமிருந்து பிரிப்பது, பெரும்பாலும் சரி.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் அந்த ஜார்ஜ் வேரிங்தான். 1878ல் மெம்ஃபிஸ் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்து 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். வேரிங் 1880ல் அங்கே போய், மழைநீருக்கும் மலநீருக்கும் தனித்தனி வழி என்ற கொள்கையில் சாக்கடை போட்டார். பிறகு நியூயார்க் தெருச் சுத்தத்துக்குப் பொறுப்பேற்று, துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்துப் புகழ்பெற்றார். 1898ல் ஹவானாவின் சுகாதாரத்தை ஆராயப் போனவர், அங்கே மஞ்சள் காய்ச்சல் பிடித்து நியூயார்க் திரும்பியதும் இறந்துபோனார். இரண்டே வருஷத்தில், 1900ல், அதே ஹவானாவில் வால்டர் ரீட் குழு அந்த நோயைப் பரப்புவது கொசு என்று உறுதிசெய்தது. வாழ்நாள் முழுக்க நாத்தத்தோடு போராடிய மனிதரைக் கொன்றது நாத்தம் இல்லை.

நடக்க ஒரு வழி

ஃபென்ஸ் வேலை நடக்கும்போதே ஓம்ஸ்டெட் அடுத்த படிக்குப் போய்விட்டார். மட்டி ரிவரை மேலே மேலே தொடர்ந்து போனால் ஜமைக்கா குளம் வருகிறது. அதைத் தாண்டினால் ஹார்வர்டின் ஆர்னால்ட் மரத்தோட்டம். அதற்கும் அப்பால் சுமார் 500 ஏக்கரில் ஃபிராங்க்ளின் பார்க்குக்கான நிலம். கீழே காமன்வெல்த் அவென்யூவின் மரவரிசை வழியாக, 1634 முதல் ஊர்ப் பொதுநிலமாக இருக்கும் பாஸ்டன் காமன் வரை. புள்ளிகளை நீர் வழியே சேர்த்தால் மாலை தயார்.

மட்டி ரிவர் பாஸ்டனுக்கும் புரூக்லைன் ஊருக்கும் எல்லை. எல்லையில் இருக்கும் ஓடையின் கதி நமக்குத் தெரியாததா? இரண்டு ஊரும் கழிவை விடும், ஒரு ஊரும் பொறுப்பேற்காது. இருவரும் செலவைப் பகிர்ந்து, எல்லைக்கோட்டையே திருத்தி, ஓடையைப் புதிதாக வளைத்து வெட்டினார்கள். 1890களின் முதல் பாதியில் 'ரிவர்வே' உருவானது. நீரை ஒட்டி நடப்பவருக்குப் பாதை, தனியாகக் குதிரைக்குப் பாதை, மேலே வண்டிச் சாலை. புரூக்லைன் பக்கம் ஓடிய ரயிலை மறைக்க மண்மேடு போட்டு மரம் நட்டார்கள். குறுக்குச் சாலைகள் மேலே கல் பாலங்களில் போக, நடப்பவர் கீழே போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆர்னால்ட் மரத்தோட்டத்துக்கு 1882ல் போட்ட ஒப்பந்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹார்வர்ட் தன் நிலத்தை நகரத்துக்குக் கொடுத்தது. நகரம் அதே நிலத்தை வருஷம் 1 டாலர் வாடகைக்கு 1,000 வருஷத்துக்கு ஹார்வர்டுக்கே திருப்பிக் கொடுத்தது. பதிலுக்கு நகரம் பாதை போட்டுக் காவலும் பார்க்கும், பொதுமக்கள் இலவசமாக நடக்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு யோசித்த குத்தகையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மறந்துபோனது

இவ்வளவு நன்றாகச் செய்த வேலை, முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை.

1910ல் சார்ல்ஸ் ஆற்றின் முகத்தில் புதிய அணை வந்தது. காரணம் நியாயமானதுதான்: வற்றத்தில் தெரியும் சேற்றையும் அதன் நாத்தத்தையும் நிரந்தரமாக மூடுவது. ஆறு நன்னீர்த் தேக்கம் ஆனது. ஆனால் ஃபென்ஸ் உப்புநீரை நம்பி வடிவமைத்த இடம். உப்பு வருவது நின்றதும் உவர்நிலக் கோரைகள் செத்தன. கடலின் ஏற்ற வற்றமே இல்லாத இடத்தில், ஏற்ற வற்றத்துக்காகச் செய்த மதகுக்கும் சரிவுக்கும் என்ன வேலை?

கோட்டில் ஒரு வரி மாற்றினால், அதை நம்பியிருந்த பத்து இடம் உடையும். எங்கள் துறையில் இது தினசரி நடப்பு. இங்கே உடைந்தது ஒரு நிலப்பரப்பு.

பிறகு சரிவுதான். சுரங்கப்பாதை தோண்டிய மண்ணைச் சதுப்பில் கொட்டினார்கள். 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் விளையாட்டு மைதானம், ரோஜாத் தோட்டம் என்று புது வேலைகள் வந்தன. 1942ல் போர்க்காலக் காய்கறித் தோட்டங்கள் வந்தன. அவை இன்றும் இருக்கின்றன, அழகாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல காரியம். ஆனால் ஒவ்வொன்றும் வெள்ளம் பரவவேண்டிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தது.

1950களில் சியர்ஸ் கடையின் வாகன நிறுத்தத்துக்காக மட்டி ரிவரின் ஒரு துண்டையே குழாய்க்குள் தள்ளி மேலே தார் போட்டார்கள். 1960களில், ஃபென்ஸ் சார்ல்ஸ் ஆற்றைச் சேரும் சார்ல்ஸ்கேட் என்ற வாசலின் மேலேயே ஒரு மேம்பாலம் வந்தது. வண்டிச் சாலையாக வரைந்த பார்க்வேக்கள் காலை மாலை கார் நெரிசலுக்கு ஒதுங்கின. நீரின் வழி எங்கே அறுந்ததோ, பெரும்பாலும் அங்கேயேதான் நடப்பவரின் வழியும் அறுந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்த வடிவமைப்பின் பலன் அது.

1996 அக்டோபரில் கனமழை பெய்தது. மட்டி ரிவர் குழாய்க்குள் புக முடியாமல் கரை மீறியது. தண்ணீர் சுரங்க ரயில் பாதைக்குள் இறங்கி கென்மோர் நிலையத்தை நிரப்பியது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் எதற்காகச் சதுப்பை வெட்டினார் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

அதன் பிறகும் பதினேழு வருஷம் ஆனது. ராணுவப் பொறியாளர் படை, மாநிலம், பாஸ்டன், புரூக்லைன் எல்லோரும் சேர்ந்து 2013ல் மராமத்தைத் தொடங்கினார்கள். வாகன நிறுத்தத்தை உடைத்து ஆற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2016ல் முதல் கட்டம் முடிந்தது. 2020ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் சேற்றை வாரி, ஓடையை அடைத்துக்கொண்டிருந்த அயல் நாணலை அகற்றினார்கள்.

எனக்குப் புரிந்தது

இந்தக் கதையை வைத்து "பார், அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு புத்திசாலிகள்" என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை.

ஃபென்ஸை ஜெயிக்கவைத்தது எதுவோ, அதுவே அதைத் தோற்கவும் வைத்தது என்று நினைக்கிறேன். ஒரு கல்தொட்டி கட்டியிருந்தால் மக்கள் அதை வெறுத்திருப்பார்கள். ஆனால் அதன் மேல் வாகன நிறுத்தம் கட்டும்முன் ஒரு பொறியாளராவது "இது வெள்ளத் தொட்டி ஆயிற்றே" என்று கேட்டிருப்பார். சதுப்பு அவ்வளவு இயல்பாக இருந்ததால் அது ஒரு இயந்திரம் என்பதே மறந்துபோனது. பூங்காத் துறைக்கு அது செடி, சாக்கடைத் துறைக்கு அது பூங்கா, சாலைத் துறைக்கு அது காலி இடம். வேலை செய்யாத இடம் மாதிரி தெரிகிற இடத்தில்தான் எல்லோரும் கை வைப்பார்கள். ஏரிகள் உள்ள எந்த ஊர்க்காரருக்கும் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. 1996க்குப் பிறகு அந்த ஆற்றுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் வெள்ளப் பொறியாளர்கள் இல்லை. அங்கே தினம் நடப்பவர்கள், பறவை பார்ப்பவர்கள், தோட்டம் போடுபவர்கள். மண்ணுக்கடியில் புதைந்த குழாய்க்காக எந்த ஊரில் யார் ஊர்வலம் போவார்கள்? நடைபாதை இருந்ததால் பார்க்க ஆள் இருந்தார்கள். பார்க்க ஆள் இருந்ததால் கேட்க ஆள் இருந்தார்கள். மூன்று வேலை செய்யும் அமைப்பு மேல் எனக்கிருந்த சந்தேகத்துக்கு ஓரளவு பதில் இதில் கிடைத்தது. நடையும் அழகும் கூடுதல் அலங்காரம் இல்லை. அவைதான் அந்த வடிகாலின் பராமரிப்பு ஏற்பாடு. குறைந்தது ஒன்று: அழகோடு சேர்த்து "இந்த இடம் என்ன வேலை செய்கிறது" என்று ஒரு பலகையும், அதைப் படித்துச் சொல்ல ஒரு துறையும் வைத்திருக்கவேண்டும்.

பாஸ்டனில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு சின்ன வேண்டுகோள். ஃபென்வே ரயில் நிலையத்தில் இறங்கினால், பழைய சியர்ஸ் கட்டிடத்துக்கு எதிரே புதிதாகத் திறந்துவிட்ட ஓடை பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் புல் வரை ஏறியிருந்தது என்று கரையில் ஒரு கோடு தெரியும். முடிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.